நான்கு சக்கர இழுவை வண்டிகளில் முன்சக்கரங்கள் இழுக்காமை: காரணங்களும் பரிகாரங்களும்

மலைச்சரிவுகளிலும், களிமண் பூமிகளிலும், மழைக்காலத்தில் சேறாகிவிடும் வண்டிப் பாதைகளிலும் விளைபொருள்களை ஏற்றிச் செல்வதற்கு, நான்கு சக்கரங்களாலும் இழுக்கக்கூடிய சிறு லாரிகளும் ஜீப்புகளும் மிகவும் உபயோகமானவை. ஆயினும் இவ்வண்டிகளை உடையவர்களில் அநேகர், வருஷத்தில் பெரும்பாகம் பின்சக்கர இழுவையிலேயே ஓட்டிவிட்டு, மழை பிடித்து வண்டி சேற்றில் அழுந்திய பிறகுதான் முன்சக்கர இழுவையை நினைக்கின்றனர். அச்சமயத்தில் அது வேலை செய்யாமற் போவது சாதாரணமாய்க் காணப்படும் சங்கடமாகும்.

உதாரணமாக, நீலகிரிச் சரிவில் முட்டைக்கோஸும் காரட்டும் பயிரிடும் ஒரு குடியானவர், அறுவடை செய்த மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். தோட்டத்துப் பாதையின் திருப்பத்தில் பின்சக்கரங்கள் வழுக்கிச் சுற்றுகின்றன. கம்பியை மாற்றியும் முன்சக்கரங்கள் அசையவில்லை. அன்றைய மண்டி தவறிவிட்டால் சரக்கு வாடி விலை குறைந்துவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து, பாரத்துடன் சரிவில் நின்ற வண்டி பின்னோக்கி நழுவுவதாகும். அதன் பின்னர் பட்டறைக்குக் கொண்டு சென்று, எங்கே கோளாறு என்று தெரியாமல் டிரான்ஸ்பர் பெட்டியைப் பிரித்துப் போட்டு, முடிவில் எலி கடித்த ஒரு சிறு ரப்பர்க் குழாயே காரணம் என்று கண்டால், அவ்வளவு செலவும் வீணே. ஆகையால், கோளாறு இருக்கும் இடத்தை ஒழுங்கான முறையில் பிரித்தறிவது எவ்வாறு என்பதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

முன்சக்கரங்களுக்கு இழுவை செல்லும் வழி

என்ஜினின் சக்தி கிளச்சு, கியர்ப் பெட்டி ஆகியவற்றைக் கடந்து டிரான்ஸ்பர் பெட்டியை அடைகிறது. அங்கிருந்து பின்பக்கத்து புரொபெல்லர் ஷாப்டு எப்பொழுதும் இழுவையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும். முன்சக்கர இழுவை வேண்டும்போது, டிரான்ஸ்பர் பெட்டியினுள் ஒரு பல்வளையம் நகர்ந்து, முன்பக்கத்து ஷாப்டையும் பின்பக்கத்து ஷாப்டையும் ஒன்றாகப் பிணைக்கிறது. முன் ஷாப்டு முன் டிபரன்ஷியலைச் சுற்ற, அதிலிருந்து இரு பக்கத்து ஆக்ஸில்களும் சக்கரங்களைச் சுற்றுகின்றன.

1941 முதல் 1945 வரை யுத்தத்திற்காகச் செய்யப்பட்ட ஜீப்புகளில் முன் ஆக்ஸில்கள் சக்கரங்களுடன் நிரந்தரமாய் இணைந்திருந்தன. பின்சக்கர இழுவையில் ஓடும்போதும் முன்பக்கத்து உறுப்புகள் யாவும் வீணே சுழன்று தேய்ந்தன. யுத்தம் முடிந்து அவ்வண்டிகள் பொதுஜனங்களின் கைக்கு வந்ததும், 1948-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர், சக்கரக் குடத்தில் பொருத்தி வேண்டும்போது பூட்டவும் வேண்டாதபோது விடுவிக்கவும் கூடிய ஹப்புகளைச் செய்து விற்கத் தொடங்கினார். பிற்காலத்து வண்டிகள் பலவற்றில், கையால் திருப்பும் ஹப்புக்குப் பதிலாக, முன் ஆக்ஸிலையே இரண்டு துண்டாக வைத்து, அவற்றை இணைக்கும் ஒரு வளையத்தை வெற்றிட இழுப்பினாலோ சிறு மின்சார மோட்டாரினாலோ நகர்த்தும் ஏற்பாடு வந்தது.

எனவே, முன்சக்கரம் இழுக்கவேண்டுமானால் இரண்டு இடங்களில் இணைப்பு ஏற்படவேண்டும். ஒன்று டிரான்ஸ்பர் பெட்டியினுள். மற்றொன்று முன் ஆக்ஸிலிலோ ஹப்பிலோ. இவ்விரண்டில் எது தவறினாலும் வெளியே தெரியும் குறி ஒன்றேயாகும். பெரும்பாலான வீண் செலவுகளுக்கு இதை மறப்பதே காரணம்.

கோளாறல்லாத கோளாறுகள்

எதையும் பிரிப்பதற்கு முன், வண்டியை ஓட்டும் முறையில் தவறு உண்டா என்று பார்க்கவேண்டும்.

தாழ்ந்த கியராகிய "4எல்" நிலையில் போடுவதற்கு, பெரும்பாலான வண்டிகளை நிறுத்தியோ, ஏறக்குறைய நிற்கும் நிலையிலோ வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கிளச்சை மிதிக்கவேண்டும். ஓடும்போது போட்டால் பற்கள் உரசிச் சத்தமிடுமேயன்றி விழமாட்டா. "4எச்" நிலையைப் பல வண்டிகளில் மெதுவாக ஓடும்போதே போடலாம். அதிலும் பின்சக்கரங்கள் வழுக்கிச் சுற்றிக்கொண்டிருக்கையில் போடுவது பெருந்தவறு. இரு ஷாப்டுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது பற்கள் ஒன்றோடொன்று பொருந்தமாட்டா. ஆக்ஸிலரேட்டரை விட்டு, சக்கரங்கள் சுற்றுவது நின்ற பிறகே போடவேண்டும்.

பற்கள் நேருக்கு நேர் முட்டி நின்றாலும் கம்பி விழாது. வண்டியை ஒரு முழ தூரம் முன்னோ பின்னோ நகர்த்தினால் பல் இடைவெளியில் பொருந்திவிடும். இயங்கச் சிறிது நேரம் தேவைப்படும் வண்டிகளும் உண்டு. 1990-களின் செவ்ரோலெட் லாரிகள் சிலவற்றில், மின்சாரத்தால் சூடேறி விரியும் ஓர் உருளையே ஆக்ஸிலை இணைத்தது. அது சூடேறும் வரையில் காத்திருப்பது அவசியமாயிருந்தது.

விளக்கைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. முன்பலகையில் எரியும் நான்கு சக்கர விளக்கு, ஏதோ ஒரு சிறு ஸ்விட்சு அழுத்தப்பட்டிருப்பதை மட்டுமே காட்டும். அந்த ஸ்விட்சு டிரான்ஸ்பர் பெட்டியில் இருந்தால், ஆக்ஸில் இணையாவிட்டாலும் விளக்கு எரியும். ஸ்விட்சு கெட்டுப்போயிருந்தால், எல்லாம் சரியாயிருந்தும் விளக்கு எரியாது. ஆகவே விளக்கை நம்பித் தீர்மானம் செய்யலாகாது.

கோளாறு எப்பாகத்தில் என்று அறியும் முறை

வண்டி சேற்றில் நின்றபடியே பின்சக்கரங்கள் சுற்றும் சமயம் நல்லதொரு பரீக்ஷைக்கு இடமளிக்கிறது. இழுவையை "4எச்" நிலையில் போட்டு, ஓட்டுபவர் மிக மெதுவாகக் கிளச்சை விடவேண்டும். மற்றொருவர் வண்டியின் பக்கவாட்டில், எட்டத்தில் நின்று முன் ஷாப்டைக் கவனிக்கவேண்டும். வண்டிக்கு முன்னும் பின்னும் எவரும் நிற்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது வண்டியின் அடியில் தலையை நீட்டவும் கூடாது. வண்டி நகராமல் பின்சக்கரங்கள் மட்டும் சுற்றும்போது,

(1) முன் ஷாப்டும் சுழலுமானால், டிரான்ஸ்பர் பெட்டி தன் வேலையைச் செய்கிறது. கோளாறு அதற்கு அப்பால், ஆக்ஸிலிலோ ஹப்பிலோ இருக்கிறது.

(2) முன் ஷாப்டு அசையாமல் நிற்குமானால், டிரான்ஸ்பர் பெட்டியிலோ அதனை இயக்கும் உறுப்புகளிலோ கோளாறு உண்டு.

கொட்டகையில், சமதரையில் நிற்கும் வண்டியையும் சோதிக்கலாம். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, என்ஜினை நிறுத்திவிடவேண்டும். கையால் திருப்பும் ஹப்புள்ள வண்டியானால், இரு ஹப்புகளையும் விடுவித்த நிலையில் வைத்து, கம்பியை "4எச்" நிலைக்குத் தள்ளி, முன் ஷாப்டைக் கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். சிறிது ஆட்டம் தவிர அது சுழலாமலிருந்தால் டிரான்ஸ்பர் பெட்டி பிணைந்திருக்கிறது. தாராளமாய்ச் சுழன்றால் பிணையவில்லை.

அடுத்தபடியாக, கம்பியை "2எச்" நிலைக்குக் கொண்டுவந்து, இரு ஹப்புகளையும் பூட்டி, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின் மேல் நிறுத்தவேண்டும். தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் முன் ஷாப்டும் சுழலவேண்டும். சக்கரம் சுற்றியும் அதன் உட்பக்கத்து ஆக்ஸில் அசையவில்லையென்றால் அந்தப் பக்கத்து ஹப்பு பிடிக்கவில்லை. ஆக்ஸில் சுற்றியும் ஷாப்டு நிற்குமானால் எதிர்ப்பக்கத்து ஹப்பு பிடிக்கவில்லை என்று கொள்ளலாம். ஏனெனில், டிபரன்ஷியலின் இயல்புப்படி ஒரு பக்கம் பிடிமானமின்றி இருந்தால் அந்தப் பக்கமே எதிர்த்திசையில் சுழன்று போகும். ஒரு ஹப்பு மட்டும் பழுதானாலும் இரண்டு முன்சக்கரங்களும் இழுவையை இழப்பதற்குக் காரணம் இதுவே.

டிரான்ஸ்பர் பெட்டிப் பக்கத்துக் கோளாறுகள்

கையால் இயக்கும் கம்பியுள்ள வண்டிகளில், பெட்டியைத் திறக்குமுன் அதனை இயக்கும் இணைப்புக் கம்பிகளைப் பார்க்கவேண்டும். மாதக்கணக்கில் அசைக்காத மூட்டுகளில் சேறு காய்ந்தும் துருப்பிடித்தும் கம்பி பாதியிலேயே நின்றுவிடும். மூட்டுகளிலுள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் புஷ்கள் தேய்ந்துபோனால், மேலே கம்பி முழுத் தூரம் நகர்ந்தும் கீழே நெம்புகோல் முழுத் தூரம் நகராது. ஒருவர் மேலிருந்து கம்பியை நகர்த்த, மற்றொருவர், என்ஜின் நின்ற நிலையில், கீழே கவனித்தால் இது விளங்கும். சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, தேய்ந்த புஷ்களை மாற்றினாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

பித்தானைத் திருப்பி இயக்கும் மின்சார ஏற்பாடுள்ள வண்டிகளில், முதலில் பாட்டரியைச் சோதிக்கவேண்டும். நிறுத்தி வைத்த வண்டியில் நல்ல 12 வோல்ட் பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இது மிகவும் குறைந்தால் மோட்டாருக்குப் போதிய வலு கிடைக்காது. பின்னர் ப்யூஸ், ரிலே, மோட்டாருக்குச் செல்லும் கம்பிச் சொருகி ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கவேண்டும். அடியில் இருக்கும் சொருகியில் நீர் புகுந்து பச்சைக் களிம்பு பிடிப்பது சாதாரணம். உதவியாளர் பித்தானைத் திருப்பும்போது பெட்டியருகில் மோட்டாரின் உறுமல் கேட்கிறதா என்பது முக்கியம். இதற்குச் சாவியைத் திருப்பி வைத்தால் போதும், என்ஜினை ஓட்டவேண்டுவதில்லை. சத்தமே இல்லையெனில் மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டார் கெட்டுவிட்டது. சத்தம் கேட்டும் பிணையவில்லையெனில் பெட்டியினுள்ளோ நிலையறியும் உறுப்பிலோ குறை உண்டு.

"4எச்" விழுந்து "4எல்" மட்டும் விழவில்லையானால், கிளச்சு ஸ்விட்சு, நியூட்ரல் ஸ்விட்சு ஆகியவற்றின்மீதே முதலில் சந்தேகம் கொள்ளவேண்டும். வண்டி நியூட்ரலில் இருப்பதாக இவை தெரிவித்தாலன்றிக் கட்டுப்பாட்டுக் கருவி மாற்றத்தை அனுமதிக்காது.

இவையனைத்தும் சரியாயிருந்தும் பிணையாவிட்டால்தான் பெட்டியைத் திறக்கவேண்டும். உள்ளே கவை தேய்ந்திருத்தல், பல்வளையத்தின் முனைகள் மழுங்கியிருத்தல், சங்கிலியுள்ள பெட்டிகளில் சங்கிலி நீண்டுபோயிருத்தல் ஆகியவை காணப்படும். பாரத்தில் ஏறும்போது "டக் டக்" என்று சங்கிலி தாண்டும் சத்தம் கேட்பது அது நீண்டுபோனதற்கு அறிகுறி. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது என்று அறிந்து உடனே மாற்றவேண்டும். சில பெட்டிகளுக்கு மெல்லிய எண்ணெயும் சிலவற்றிற்குக் கனத்த கியர் எண்ணெயும் விதிக்கப்பட்டிருப்பதால், அவ்வண்டியின் கைப்புத்தகத்தில் கண்டதையே ஊற்றவேண்டும்.

வெற்றிட இழுப்பினால் இயங்கும் ஆக்ஸில்கள்

இவ்வகையில், மெல்லிய ரப்பர்ச் சவ்வுள்ள ஒரு கிண்ணம், என்ஜினிலிருந்து வரும் வெற்றிட இழுப்பினால் கவையை நகர்த்தி ஆக்ஸிலின் இரு துண்டுகளையும் இணைக்கிறது. பெட்ரோல் என்ஜின்களில் இவ்விழுப்பு உறிஞ்சு குழாயிலிருந்தே கிடைக்கும். டீசல் என்ஜின்களில் அவ்வாறு கிடைக்காமையால் தனியாக ஒரு வாக்குவம் பம்பு வைக்கப்பட்டிருக்கும். பிரேக்கிற்கு உதவும் பூஸ்டரும் பெரும்பாலும் அதே பம்பையே நம்பியிருக்கிறது. ஆகையால், டீசல் வண்டியில் முன்சக்கரம் இணையாததோடு பிரேக் மிதியும் வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தால், பம்பு அல்லது அதன் பிரதானக் குழாய் பழுதென்று கருதி, பாரம் ஏற்றாமல் வண்டியை உடனே பழுது பார்க்கவேண்டும். இது இழுவையைப் பற்றிய விஷயம் மட்டுமன்று, உயிரைப் பற்றிய விஷயமுமாகும்.

பம்பு சரியாயிருந்தால் சிறு குழாய்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையில் தடவிப் பார்க்கவேண்டும். என்ஜின் சூட்டில் ரப்பர் வெடித்தல், சொருகிய முனை தளர்தல், தானியமும் தீவனமும் வைத்திருக்கும் கொட்டகைகளில் எலி கடித்தல் ஆகியன அடிக்கடி காணப்படுபவை. வெடித்த பாகத்தை வெட்டியெறிந்து அதே உள்ளளவுள்ள புதுக் குழாயைப் பொருத்தலாம். கிண்ணத்தின் சவ்வைச் சோதிக்க, சுத்தமான குழாய்த்துண்டு ஒன்றைப் பொருத்தி வாயால் உறிஞ்சி நாவினால் அடைத்துப் பார்க்கலாம். குழாய் நாவில் ஒட்டிக்கொண்டு நின்றால் சவ்வு நன்றாயிருக்கிறது. ஒட்டாமல் காற்று வந்துகொண்டேயிருந்தால் கிழிந்திருக்கிறது. குழாயும் சவ்வும் நன்றாயிருந்தால், இழுப்பைத் திறந்து மூடும் மின்சார வால்வைச் சோதிக்கவேண்டும்.

எல்லா வண்டிகளிலும் வெற்றிடம் ஒரே விதமாய் உபயோகப்படுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 2004-ம் வருஷ மாடல் முதற்கொண்டு போர்டு எப்-150 லாரிகளில், வெற்றிட இழுப்பே சக்கரக் குடத்தை விடுவித்து வைக்கிறது. இழுப்பு நின்றால் குடம் பூட்டிக்கொள்ள முயலும். அத்தகைய வண்டியில் குழாய் ஒழுகினால், பின்சக்கர இழுவையில் ஓடும்போதே முன்சக்கரத்தில் அரைக்கும் சத்தம் உண்டாகும்.

கையால் திருப்பும் ஹப்புகள்

இவற்றில் முதற்பிழை, ஒரு பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு மறுபக்கத்தை மறந்துவிடுவது. இரண்டாவது, திருகியைப் பாதியில் நிறுத்திவிடுவது. இவையின்றியும் பிடிக்கவில்லையெனில், மூடியின் சிறு போல்ட்டுகளைக் கழற்றி உட்பாகத்தை எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, மெல்லிய பூச்சாக மட்டும் கிரீஸ் தடவி மறுபடியும் பூட்டவேண்டும். சக்கரப் பேரிங்கிற்கு இடுவதுபோல் ஹப்பினுள் கிரீஸை அடைத்து வைப்பவர் பலர். அதனால் உள்ளிருக்கும் வளையம் நகரமுடியாமல் பாதியில் நின்றுவிடும். பாரம் ஏறியதும் பற்கள் நழுவி முனை உடையும். கிரீஸ் மிகுதியும் குறைவைப் போலவே தீங்கானது.

டயர்களும் இறுகிப்போதலும்

முன் ஷாப்டும் பின் ஷாப்டும் பிணைந்திருக்கையில் அவை ஒரே எண்ணிக்கையில் சுழன்றாகவேண்டும். 35 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டர் செல்வதற்குச் சுமார் 455 சுற்றுகள் சுற்றும். தேய்ந்து 34 சென்டிமீட்டர் ஆரமாகிவிட்ட சக்கரம் சுமார் 468 சுற்றுகள் சுற்றும். முன்னே தேய்ந்த டயர்களையும் பின்னே புது டயர்களையும் போட்டிருந்தால், இந்த 13 சுற்று வித்தியாசம் சேற்றில் வழுக்கித் தீர்ந்துவிடும். கெட்டியான தார் ரோட்டில் தீர வழியில்லாமல் உறுப்புகளெல்லாம் முறுக்கேறி இறுகும். அப்போது கம்பி உள்ளே விழுவதும் கடினம், வெளியே வருவதும் கடினம். திருப்பங்களில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் செல்வதாலும் இதே கஷ்டம் நேரும். ஆகவே இவ்வகை வண்டிகளில் நான்கு டயர்களும் ஒரே அளவும் ஒத்த தேய்மானமும் உடையனவாய் இருக்கவேண்டும். காற்றும் விதித்தபடி இருக்கவேண்டும். உலர்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கர இழுவையை உபயோகிக்கலாகாது. இறுகிப்போன கம்பியை அடித்து இழுக்காமல், வண்டியை நேராகச் சிறிது தூரம் பின்னுக்கு ஓட்டினால் முறுக்குத் தளர்ந்து கம்பி எளிதில் வெளிவரும்.

வருமுன் காத்தல்

உபயோகியாத கலப்பையில் துருவேறுவதுபோலவே, உபயோகியாத இழுவையும் பிடித்துக்கொள்ளும். மாதத்திற்கு ஒருமுறையேனும் மண் பாதையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டுச் சில கிலோமீட்டர் ஓட்டவேண்டும். இதனால் உள்ளிருக்கும் முன் உறுப்புகளுக்கு எண்ணெய் பரவுவதுடன், கோளாறு ஏதேனும் இருந்தால் அது சேற்றில் அகப்படுமுன்பே வெளிப்படும்.

ஆக்ஸிலின் மேலுள்ள சிறு காற்றுக்குழாயைச் சேறு அடைக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். சூடேறிய ஆக்ஸில் வாய்க்கால் நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். காற்றுக்குழாய் அடைபட்டிருந்தால், அச்சுருக்கம் நீரை எண்ணெய்ச் சீல்களின் வழியாக உள்ளே இழுத்துவிடும். ஆழமான நீரைக் கடந்த பின்னர் எண்ணெயைப் பரிசோதிப்பது அவசியம்.

சுருங்கக் கூறின், முதலில் ஓட்டும் முறை. அடுத்து, முன் ஷாப்டு சுழல்கிறதா என்ற ஒரு கேள்வி. அதற்கு மேல் இணைப்புக் கம்பி, பாட்டரி, ப்யூஸ், குழாய், ஹப்பு என்ற மலிவான உறுப்புகள். யாவற்றிற்கும் கடைசியிலேயே பெட்டியைப் பிரித்தல் என்ற வரிசையைக் கைக்கொள்ள வேண்டும். பட்டறைக்குச் செல்ல நேர்ந்தாலும், மேற்கூறிய பரீக்ஷைகளைச் செய்து, "முன் ஷாப்டு சுழல்கிறது, வலது ஹப்பு பிடிக்கவில்லை" என்று தெளிவாய்ச் சொல்லக்கூடியவருக்கு வீண் செலவு மிகவும் குறையும். தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், வைகாசி மாதத்திலேயே ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குவோர், மழையில் சரக்குடன் நடுவழியில் நிற்கும் நஷ்டத்தையும் ஆபத்தையும் பெரும்பாலும் தவிர்த்துக்கொள்ளலாம்.